அவரும் அவனும்: தோட்டப்புறப் பாலர் கல்வியில் ஏற்பு மனப்பான்மை

முன்னுரை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்னும் பழமொழியைப் பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒழுக்கத்தையும் படிப்பையும் வலியுறுத்தவே எடுத்தாளுகின்றனர். ஆனால், ஐந்து வயதுக்குள் வளைந்துவிடுவது ஒழுக்கம் மட்டுமன்று. யார் நம்மவர், யார் பிறர். யாருக்கு மரியாதை உண்டு, யாருக்கு இல்லை. எந்த நிறம் அழகு, எந்த நிறம் அழகன்று என்னும் கணக்குகளும் அவ்வயதிலேயே குழந்தையின் மனத்தில் உருக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன. இக்கணக்குகளை யாரும் பாடமாக வைத்துக் கற்பிப்பதில்லை. ஆயினும், பாடமாக வைத்துக் கற்பிக்கப்படும் பலவற்றைவிடக் குழந்தை இவற்றை விரைவாகக் கற்றுக்கொள்கின்றது.

பிறரை அவர்தம் வேறுபாடுகளோடு மதித்து ஏற்கும் பண்பை இக்கட்டுரை 'ஏற்பு மனப்பான்மை' எனக் குறிக்கின்றது. அப்பண்பைத் திட்டமிட்டு வளர்க்கும் கல்வி 'பாகுபாடு களையும் கல்வி' எனப்படும். நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்க் குழந்தைகளின் பாலர் கல்வியை முன்வைத்து இக்கல்வியின் தேவையையும் வழிமுறைகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்க் குழந்தைகள் மட்டுமே பயிலும் வகுப்பில் பிற இனத்தாரை ஏற்கும் பண்பை எவ்வாறு கற்பிப்பது என்னும் ஐயம் ஆசிரியரிடையே உண்டு. தமிழ்ப்பள்ளியைப் பற்றி வெளியார் எழுப்பும் வினாவும் இதுவே. அத்தகைய வகுப்பிலும் இக்கல்வி இயலும் என்பதும், அதற்குரிய முதற்கருவி ஆசிரியரின் அன்றாடப் பேச்சே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

தோட்டமும் அதன் படிநிலையும்

மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் ஓங்கிய கங்காணி முறையும், 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபோது முற்றுப்பெற்றது. இவ்விரு முறைகளின்வழி வந்தவர்களின் வழித்தோன்றல்களே சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பகாவ் முதலிய வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர்.

தோட்டம் என்பது வேலையிடம் மட்டுமன்று. அது ஒரு படிநிலைச் சமூகமும் ஆகும். மேட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள் என்னும் அமைப்பே ஒரு பாடநூலாக விளங்கிற்று. கிராணிப் பணிகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமே மிகுதியாக அமர்த்தப்பட்டமையால், பதவி வேறுபாடு பிரிவு வேறுபாடாகவும் காட்சியளித்தது. தொழிலாளரிடையே சாதி அடிப்படையில் லயங்கள் பிரித்து ஒதுக்கப்பட்ட நிலையும் இருந்தது. மலேசியத் தமிழரிடையே நிலவும் சாதி உணர்வைப் பற்றி முனைவர் இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984இல் வெளியிட்ட ஆங்கில நூல், கடல் கடந்து வந்த பின்னரும் அவ்வுணர்வு திருமணம் முதலிய வாழ்வியற் கூறுகளில் தொடர்ந்ததை எடுத்துக்காட்டியது.

பத்துக்குக் குறையாத பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது முக்கியக் காரணமாகும். அப்பள்ளிகளில் சேரும் வயதுக்கு முன்பு, தாய் பால்மரம் வெட்டச் சென்ற வேளையில், குழந்தை வளர்ந்த இடம் ஆயாக் கொட்டகை. அங்குக் கலைத்திட்டம் ஏதும் இல்லை. எனினும், யார் பிள்ளையை யாரோடு உறங்க வைப்பது, யார் கொண்டுவந்த உணவை யார் தொடலாம் என்பன போன்ற செய்திகள் அங்குச் சொல்லாமலே சொல்லப்பட்டன. அவ்வகையில், தோட்டக் குழந்தையின் முதற்பள்ளி ஆயாக் கொட்டகையே எனலாம்.

இன்று இச்சூழல் பெரிதும் மாறியுள்ளது. இரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்துள்ளது. தமிழ்க் குடும்பங்களில் மிகப் பலவும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியில் தோட்டத்துப் பிள்ளைகள் சிறுபான்மையாகிவிட்ட நிலையும் உண்டு. லயங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடியிருக்கின்றனர். எஞ்சியுள்ள தமிழ்க் குழந்தையின் அண்டையில் மலாய்க் கம்பமும், சில வட்டாரங்களில் தெமுவான் பழங்குடியினரின் குடியிருப்பும் உள்ளன. பாட்டன் காலத்துத் தோட்டத்தைவிட இன்றைய தோட்டம் பன்முகத்தன்மை மிக்கது. ஆனால், அதற்கேற்ற மனப்பயிற்சி அக்குழந்தைக்குக் கிட்டுகின்றதா என்பதே வினா.

பாலர் கல்வியின் நிலை

1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கிற்று. 2003இல் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010இல் தேசியப் பாலர்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2017இல் அதுவும் சீரமைக்கப்பட்டது. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் கல்வி முறையின் ஐந்து இலக்குகளுள் ஒன்றாக ஒற்றுமையைக் குறிப்பிட்டது. ஆகவே, கொள்கையளவில் இடம் உண்டு. எனினும், கொள்கை வகுப்பறைக்குள் வரும்போது பெரும்பாலும் விழா நாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகின்றது.

பல இனக் குழந்தைகளை ஒரே வகுப்பில் அமர்த்தும் நோக்குடன் 1970களில் தொடங்கப்பட்ட ஒற்றுமைப் பாலர் பள்ளிகள் குறிப்பிடத்தக்கவை. ஆனால், அத்தகைய வகுப்புகள் எல்லாத் தோட்டங்களுக்கும் அருகில் இல்லை. தாய்மொழியில் கல்வி தொடங்க வேண்டும் என விரும்பும் பெற்றோர் தமிழ்ப்பள்ளி வளாகத்தில் இயங்கும் பாலர் வகுப்பையே நாடுகின்றனர். அவ்விருப்பம் குறை கூறத்தக்கதன்று. குழந்தைகளை ஒன்றாக அமர்த்துவதனால் மட்டும் பாகுபாடு நீங்கிவிடாது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். சமநிலை, பொதுக் குறிக்கோள், கூட்டுழைப்பு, நிறுவன ஆதரவு ஆகிய நான்கும் அமைந்த தொடர்பே தப்பெண்ணத்தைக் குறைக்கும் என உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் விளக்கினார். ஒரே கூரையின் கீழ் இருத்தல் வேறு, ஒன்றி வாழ்தல் வேறு.

குழந்தை மனத்தில் பாகுபாடு தோன்றும் வகை

குழந்தைகள் வேறுபாட்டைக் காண்பதில்லை என்னும் நம்பிக்கை பெரியோரிடம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதற்கு மாறானவை. அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும், நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றாலும் ஒத்த பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி வினவிய ஆய்வை 1947இல் வெளியிட்டனர். பெரும்பான்மைக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். கறுப்புப் பொம்மையே 'கெட்டது' எனப் பலரும் சுட்டினர். தம் நிறத்தைக் கொண்ட பொம்மையையே அக்குழந்தைகள் ஒதுக்கினர் என்பது கருதத்தக்கது. பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டின் அமெரிக்க உச்சநீதிமன்ற வழக்கில் கிளார்க்கின் ஆய்வுகள் எடுத்துக்காட்டப்பட்டன.

தப்பெண்ணம் நான்கைந்து வயதில் வெளிப்பட்டு ஏழு வயதையொட்டி உச்சமடைகின்றது என்று பிரான்சிஸ் அபூட் 1988இல் எழுதினார். அஃதாவது, பாலர் வகுப்பும் முதலாம் ஆண்டும் இதில் தீர்மானமான காலம். மீகன் பாட்டர்சன், ரெபெக்கா பிக்லர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்க்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. பாலர் வகுப்புக் குழந்தைகள் சிலருக்குச் சிவப்புச் சட்டையும் சிலருக்கு நீலச் சட்டையும் அணிவித்தனர். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டை நிறத்தைக் குறிப்பிட்டுக் குழந்தைகளை அழைத்தனர், வரிசைப்படுத்தினர். ஏனைய வகுப்புகளில் நிறத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆசிரியர் பெயரிட்டு அழைத்த வகுப்புகளிலேயே தம் குழுவைச் சார்ந்து நிற்கும் போக்கு மிகுதியாகக் காணப்பட்டது. எக்குழுவையும் ஆசிரியர் உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. பிரித்துப் பெயரிட்டதே போதுமானதாயிற்று.

ஒரே இன வகுப்பு: தொடங்க வேண்டிய இடம்

லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989இல் தம் குழுவினருடன் வெளியிட்ட கையேடு இத்துறையின் அடிப்படை நூலாகும். பின்னர்ச் செம்மைப்படுத்தப்பட்ட அவ்வணுகுமுறை நான்கு குறிக்கோள்களைக் கொண்டது. தன்னைப் பற்றிய தாழ்வற்ற அடையாள உணர்வு முதலாவது. வேறுபட்டாரோடு இயல்பாகப் பழகுதல் இரண்டாவது. நேர்மையற்றதை அடையாளங்காணல் மூன்றாவது. அதற்கெதிராகக் குரல் கொடுத்தல் நான்காவது. இவ்வரிசையில் தன் அடையாளமே முதலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். தன்னை ஏற்காத குழந்தை பிறரை ஏற்பது அரிது.

நம் வகுப்பறையில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. வண்ணப்பெட்டியில் உள்ள வெளிர் ரோசா நிறக் கோலை நம் குழந்தைகளும், சில வேளைகளில் ஆசிரியரும், 'தோல் நிறம்' என்றே அழைக்கின்றனர். அம்மாவை வரையும் தோட்டத்துக் குழந்தை அக்கோலைக் கொண்டு அம்மாவின் முகத்தைத் தீட்டுகின்றது. வெயிலில் உழைக்கும் அத்தாயின் முகம் அந்நிறத்தில் இல்லை என்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்தும் தீட்டுகின்றது. கிரயோலா நிறுவனம் இவ்வண்ணத்துக்கு இட்டிருந்த 'தசை நிறம்' என்னும் பொருளுடைய பெயரை 1962இலேயே நீக்கிவிட்டது; 2020இல் பல்வகைத் தோல் நிறங்களைக் கொண்ட வண்ணப்பெட்டியை வெளியிட்டது. நாமோ அப்பெயரை வாய்மொழியாகக் காப்பாற்றி வருகின்றோம்.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்னும் பழமொழியும் அத்தகையதே. தாயன்பைச் சிறப்பிக்கவே அது கூறப்படுகின்றது. ஆனால், 'காக்கைக்கும்' என்பதில் உள்ள உம்மை, காக்கைக் குஞ்சு உண்மையில் அழகற்றது என்னும் எண்ணத்தை உள்ளடக்கியுள்ளது. கறுத்த குழந்தையின் காதில் விழுவது தாயன்பு அன்று; அவ்வும்மையே.

நிறத்தோடு இது முடிவதில்லை. தோட்டத்துப் பிள்ளை, வீடமைப்புப் பகுதிப் பிள்ளை என்னும் பிரிவு. தந்தை இல்லாத வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசும் பிள்ளை. தமிழ்த் தந்தைக்கும் இந்தோனேசியத் தாய்க்கும் பிறந்த பிள்ளை. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் பள்ளி வாயிலிலேயே தடுமாறும் பிள்ளை. உடற்குறை உடைய பிள்ளை. ஒரே இனத்தவர் எனத் தோன்றும் இருபது குழந்தைகளுள் இத்துணை வேறுபாடுகள் உள்ளன. அருகில் அமர்ந்திருக்கும் இவர்களை ஏற்கக் கல்லாத குழந்தை, சுவர்ப்படத்தில் காணும் மலாய்க் குழந்தையையும் சீனக் குழந்தையையும் ஏற்கக் கற்றுவிட்டது என்று கொள்வதற்கில்லை. பண்பாட்டை உடை, உணவு, விழா என்னும் அளவில் காட்டி நகரும் முறையை டெர்மன்-ஸ்பார்க்ஸ் 'சுற்றுலாக் கலைத்திட்டம்' எனக் குறை கூறினார். மூவின உடையணிந்த குழந்தைகள் கைகோத்து நிற்கும் படம் ஒன்றை மட்டும் நம்பி நிற்பது அத்தகையதே.

மொழி வழி நுழையும் பாகுபாடு

தமிழின் மரியாதை வடிவங்கள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவருக்கு மரியாதை தருவதா இல்லையா என்பதை வினைமுற்றிலேயே அறிவித்துவிடுகின்றோம். 'வந்தார்', 'வந்தான்' என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் வாக்கியத்தை முடித்தல் அரிது. தோட்டத்தில் கிராணி 'வந்தார்'; செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளி, ஐம்பது வயதினராயினும், 'வந்தான்'. இதைக் கேட்டு வளரும் குழந்தைக்கு யார் 'அவர்', யார் 'அவன்' என்னும் பட்டியல் மூன்று வயதிலேயே மனப்பாடமாகிவிடுகின்றது. அதற்கு வெறுப்புரை ஏதும் தேவையில்லை, இலக்கணமே போதும்.

இனப்பெயர்களும் இவ்வாறே. 'கெலிங்' என்னும் சொல் கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்ததாயினும், அது வசையாக வீசப்படும்போது நாம் புண்படுகின்றோம். ஆனால், பழங்குடியினரை அடிமை என்னும் பொருள் தோன்றச் 'சக்காய்' என்றும், இந்தோனேசியரை அவர்கள் விரும்பாத 'இந்தோன்' என்னும் சுருக்கப் பெயராலும் அழைக்கையில் நம் நா தயங்குவதில்லை. தனக்கு வலிப்பதைப் பிறருக்குச் செய்யாமை என்னும் அறத்தைக் குழந்தைக்கு உணர்த்த இதனினும் எளிய எடுத்துக்காட்டு இல்லை.

இக்கட்டுரையாளரின் இளமைக்கால நினைவு ஒன்று இங்குப் பொருத்தமாகும். 1980களில் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலைக்கு வந்த முதிய இந்தோனேசியர் ஒருவர் எங்கள் லயத்தின் கோடிவீட்டில் தங்கியிருந்தார். பெரியோர் அனைவரும் அவரை 'அவன்' என்றே குறித்தமையால் பிள்ளைகளாகிய நாங்களும் அவ்வாறே குறித்தோம். என் பாட்டி மட்டும், பிரட்டுக்குச் செல்லும் விடியற்காலையில் அவர் வாசலைக் கடக்கும்போது, 'அண்ணே' என்று அழைத்து இரண்டொரு சொல் பேசுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்கு மலாய் அரைகுறை. ஆயினும், சில மாதங்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரைத் 'தாத்தா' என்றோம். பின்னர் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் அவ்வாறே அழைத்தனர். பாட்டி எங்களுக்கு அறிவுரை ஏதும் கூறியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவர் செய்ததைத்தான் பின்னாளில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நூல்வழி கற்றேன்.

பாகுபாடு நுழையும் மொழியிலேயே அதனைக் களையும் வழியும் உள்ளது. 'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கும் சொல். 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளடக்கும் சொல். இலக்கண நூலார் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். ஆங்கிலத்தில் இல்லாத இவ்வேறுபாடு மலாய்மொழியில் உண்டு; 'காமி' என்பது நாங்கள், 'கீத்தா' என்பது நாம். தமிழும் மலாயும் ஒருங்கே ஒலிக்கும் பாலர் வகுப்பில் இவ்விரு சொற்களையும் இணைத்துக் கற்பித்தல், மொழிப்பாடமாகவும் வாழ்க்கைப் பாடமாகவும் அமையும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆசிரியர் தம் பேச்சைக் கண்காணித்தல் வேண்டும். பள்ளிக்கு வரும் துப்புரவுப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், வெளிநாட்டுத் தொழிலாளர் ஆகிய அனைவரையும் 'அவர்' என்றே குறிப்பிடுதலும், மாமா, அக்கா, பாக் சிக், மக் சிக் என உறவுமுறையால் அழைத்தலும் செலவில்லாத தொடக்கமாகும். குழந்தைகளைத் 'தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம்' எனப் பிரித்து அழைத்தல் அறவே தவிர்க்கத்தக்கது.

இரண்டாவதாக, வண்ணங்களைக் கலந்து ஒவ்வொரு குழந்தையும் தன் கையின் நிறத்தைத் தானே உருவாக்கும் செயற்பாட்டை நடத்தலாம். அந்நிறத்துக்குப் பனைவெல்லம், புளி, ஈரமண், தேயிலை எனக் குழந்தைகளே பெயர் சூட்டட்டும். அதன்பின் 'தோல் நிறம்' என்னும் ஒற்றைப் பெயர் வகுப்பில் நிலைக்காது.

மூன்றாவதாக, ஆளுமைப் பொம்மை முறையைக் கையாளலாம். பிரிட்டன், தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் பாலர் ஆசிரியர்க்கு இதில் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. துணிப் பொம்மை ஒன்றுக்குப் பெயர், குடும்பம், விருப்பு வெறுப்பு ஆகியன அமைத்து, வகுப்பின் உறுப்பினராக அதனை அவ்வப்போது வரவழைப்பர். லயத்தில் குடியிருக்கும் பொம்மையோடு யாரும் விளையாட வரவில்லை என ஆசிரியர் கூறும்போது, குழந்தைகள் தாமே தீர்வு சொல்ல முற்படுவர். எந்தக் குழந்தையின் உண்மை வாழ்க்கையையும் பொம்மையின்மேல் ஏற்றிவிடாமல் காத்தல் இன்றியமையாதது.

நான்காவதாக, வட்டாரத்தையே பாடமாக்கலாம். நெகிரி செம்பிலான் மலாய்க்காரரின் பெர்ப்பாத்தே மரபில் குலநிலம் தாய்வழியாக மகளிருக்குச் செல்கின்றது. பையன்தான் வீட்டுக்கு உரியவன் என எண்ணும் தமிழ்க் குழந்தைக்கு, அடுத்த கம்பத்தில் நிலத்துக்குரியவள் மகள் என்னும் செய்தி வியப்பளிக்கும். அண்டை இனத்தாரிடம் கற்றுக்கொள்ளவும் ஏதோ உண்டு என்னும் உணர்வு ஏற்பின் உயர்ந்த நிலையாகும்.

ஐந்தாவதாக, குழந்தை பாகுபாடாகப் பேசும்போது ஆசிரியர் வாளாவிருத்தல் கூடாது. 'அவள் கறுப்பு, அவள் பக்கத்தில் உட்காரமாட்டேன்' என ஒரு குழந்தை கூறினால், 'அப்படிச் சொல்லாதே' என அடக்குவதும் காதில் விழாததுபோல் நகர்வதும் பயனற்றவை. 'அவள் நிறம் கறுப்புத்தான், அழகான நிறம். நிறம் ஒட்டிக்கொள்ளாது. நீ இவ்வாறு சொன்னது அவளுக்கு வலித்திருக்கும். நாம் மூவரும் சேர்ந்து உட்காருவோம்' எனத் தெளிவாகவும் சினமின்றியும் கூறுதல் தகும். புண்பட்ட குழந்தைக்கே முதல் ஆறுதல் சேர வேண்டும்.

ஆறாவதாக, அருகிலுள்ள தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, ஒற்றுமைப் பாலர் பள்ளி ஆகியவற்றோடு ஒரு நாள் விழாவாக அன்றி, தொடர்ந்த கூட்டுச் செயற்பாட்டை அமைக்கலாம். காய்கறித் தோட்டம் ஒன்றை இரு வகுப்புகளும் முறைவைத்துப் பராமரித்தல் ஆல்போர்ட் கூறிய நான்கு நிபந்தனைகளுக்கும் இடமளிக்கும்.

ஏற்பும் அடங்கலும்

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தோட்டத் தொழிலாளி நெடுங்காலம் எல்லாவற்றையும் ஏற்குமாறே பழக்கப்பட்டவர். குறைந்த கூலியை ஏற்றார், ஒழுகும் கூரையை ஏற்றார், துரையின் சொல்லை ஏற்றார். அவர்தம் பேரக்குழந்தைக்கு நாம் கற்பிக்கும் ஏற்பு அந்த வகையினதாக இருத்தல் கூடாது. மனிதரை ஏற்றல் வேறு, அநீதியை ஏற்றல் வேறு. டெர்மன்-ஸ்பார்க்ஸின் மூன்றாம், நான்காம் குறிக்கோள்களை விடுத்து முதலிரண்டை மட்டும் கற்பித்தால், பணிவான குழந்தைகள் உருவாகலாம். நேர்மையான குழந்தைகள் உருவாகமாட்டார்கள். 'இது சரியில்லை' என்று கூறும் குழந்தையின் குரலை ஆசிரியர் அடக்காமல் கேட்பதே இக்கல்வியின் உண்மையான தேர்வாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பாகுபாடு குழந்தையின் இயல்பன்று என்பதும், பெரியோரின் பிரித்தலும் பெயரிடலும் மௌனமும் அதனை வளர்க்கின்றன என்பதும் புலனாகும். தோட்டப்புறத் தமிழ்ப் பாலர் வகுப்பு ஓரினத்ததாயினும் ஏற்பு மனப்பான்மைக்கு ஏற்ற களமே. பாலர் பள்ளி ஆசிரியர்க்கான பயிற்சியில் மரியாதை வடிவங்கள், இனப்பெயர்கள், நிறச்சொற்கள் ஆகியவற்றின் பயன்பாடு ஒரு தனிப் பகுதியாக இடம்பெறுதல் நன்று. அதற்குக் காத்திராமல் நாளைக் காலையிலேயே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வகுப்பு வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பவரைக் குழந்தைகளுக்குச் சுட்டி, 'அவர் வந்துவிட்டார், வணக்கம் சொல்லுங்கள்' என்று ஆசிரியர் கூறட்டும்.